கெடிலக்கரையில் ஒரு ஹாம் நிலையம்

வணிக நோக்கமோ பணப் பயனோ இன்றி, அரசின் உரிமம் பெற்று, அதற்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் உலகின் பிற ஆர்வலர்களுடன் கம்பியில்லாத் தொடர்பு கொள்ளும் பொழுதுபோக்கு அமெச்சூர் வானொலி எனப்படுகிறது; அதில் ஈடுபடுவோர் உலகெங்கும் 'ஹாம்' என்றே அழைக்கப்படுகின்றனர். ஒலிபரப்பு நிலையம் என்பது ஒருவர் பேசப் பலர் கேட்கும் ஏற்பாடு என்றால், ஹாம் வானொலி இருவரோ சிலரோ மாறி மாறிப் பேசிக்கொள்ளும் ஏற்பாடாகும். கடலூர் மாவட்டம் பண்ருட்டியை ஒட்டி, கெடில ஆற்றங்கரையில் உள்ள திருவதிகையில் வீடும், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நகரியத்தில் மின்பராமரிப்பு வேலையுமாக வாழ்ந்து ஓய்வுபெற்ற ஒரு ஹாமின் நினைவுகளைக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. தொலைநாடுகளோடு பேசும் ஆசையில் தொடங்கிய அவருடைய பழக்கம், நாளடைவில் சொந்த ஊரின் மண்ணையும் மரத்தையும் மின்கம்பியையும் கடற்காற்றையும் கூர்ந்து கவனிக்கும் பழக்கமாக வளர்ந்தது என்பதே அந்நினைவுகளிலிருந்து பெறப்படும் செய்தி.

தமிழ்நாட்டில் இப்பொழுதுபோக்கின் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. கல்கத்தாவின் அமரேந்திர சந்திர குப்தா 1921இல் இந்தியாவின் முதல் ஹாம்களுள் ஒருவராக அறியப்பட்டதை அடுத்து, சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே 16 அன்று சென்னை மாகாண அமெச்சூர் ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பிலும் இறங்கியது. பணமுடையால் 1927இல் அந்த ஒலிபரப்பு நின்றுபோனபோது கிளப்பின் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட, மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசு வானொலி வருவதற்கு முன்பே ஆர்வலர்களின் கையால் காற்றில் தமிழ்நாட்டுக் குரல் ஏறியது என்பதை இங்குள்ள ஹாம்கள் இன்றும் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர்.

திருவதிகைக்காரரின் தலைமுறையினர் பலருக்கும் ஹாம் வானொலிக்கான வாசல் சிற்றலை வானொலி கேட்பதாகவே இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை, இலண்டன் பி.பி.சி.யின் தமிழோசை, மணிலாவின் வேரித்தாஸ், பீகிங் வானொலி ஆகியவற்றை வால்வு ரேடியோவின் முள்ளை மயிரிழை அளவு திருப்பிப் பிடித்து, கேட்ட நாள், நேரம், அலைவரிசை, ஒலியின் தரம் ஆகியவற்றை எழுதி அனுப்பி, பதிலாக வரும் வண்ண அட்டைகளைச் சேர்ப்பது அக்காலத்தில் ஊருக்கு ஊர் பரவியிருந்த பழக்கம். அவ்வாறு கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஒலிபரப்பு நிலையங்களுக்கு இடைப்பட்ட இடத்தில் வாத்தின் குரல் போலக் கரகரத்த பேச்சொலிகள் எழுவதுண்டு. அவை ஒற்றைப் பக்கப்பட்டை முறையில், அதாவது மின்சாரத்தையும் அலைவரிசை இடத்தையும் மிச்சப்படுத்துவதற்காக அலையின் ஒரு பாதியை மட்டும் அனுப்பும் முறையில், பேசும் ஹாம்களின் குரல்கள் என்பதும், சாதாரண ரேடியோவில் அவை தெளியமாட்டா என்பதும் அவருக்குப் பின்னரே தெரியவந்தன.

கேட்பதற்கும் பேசுவதற்கும் இடையே தேர்வு என்ற படி இருந்தது. இந்தியாவில் ஹாம் உரிமத்தை மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு வழங்குகிறது. மின்னணுவியல் அடிப்படை, வானொலி விதிமுறைகள் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வும், மேல்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வும் உண்டு. குற்றொலி, நெட்டொலி என்ற இரண்டையும் கொண்டு எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸைப் பயில, 555 எனப்படும் சிறு ஐ.சி.யால் பீப் ஒலி எழுப்பும் கருவி ஒன்றைச் செய்துகொண்டு, ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் ஒருவரிடம் மாலைதோறும் அவர் பாடம் கேட்டார். புள்ளிகளையும் கோடுகளையும் எண்ணுகிறவன் பிந்திவிடுவான், சந்தம் பிடிக்கிறவனே தேறுவான் என்பது அந்த ஆசிரியர் கற்பித்த முறை. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்ட பின்னும் மோர்ஸை அன்றாடம் புழங்குவோருள் ஹாம்கள் முக்கியமானவர்கள். தேர்வில் தேறியவருக்கு 'வி.யூ.' என்று தொடங்கும் அழைப்புக்குறி வழங்கப்படுகிறது. உலகில் ஒருவருக்குள்ள அழைப்புக்குறி வேறொருவருக்கு இராது என்பதால், காற்றில் அதுவே அவருடைய பெயரும் முகவரியுமாகிறது.

உரிமம் வந்தபின் எழுந்த முதற்கேள்வி ஆண்டெனாவைப் பற்றியது. ஹாம்கள் மிகுதியாகப் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதியளவான, நடைமுறையில் சற்றே குறைந்து 20 மீட்டர் வரும் செம்புக்கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கோ-ஆக்ஸ் கேபிளை இணைத்தால் 'டைபோல்' என்னும் ஆண்டெனா உருவாகிவிடும். கம்பிக்காக அவர் தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பண்ருட்டிக் கடைகளில் வைண்டிங் வயர் எடை போட்டு விற்கப்பட்டது. நடுக்கம்பத்துக்குக் கடலூர் வட்டாரத்தில் பெருமளவு பயிராகும் சவுக்குக் கழிகள் இரண்டை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார். கம்பியின் இரு முனைகளுக்கும் மரங்கள் உதவின. தென்னையில் கட்டிய முனை காற்றில் ஆடி ஆடிக் கம்பியை அறுத்துவிட, பலாவின் தடித்த கிளையில் கட்டிய முனை ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றதைக் கண்டு, மறுமுனையையும் பலாவுக்கே மாற்றினார். கயிற்றை உயரக் கிளைக்கு மேலே செலுத்த உண்டிவில்லும், ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பும் போதுமானவையாக இருந்தன.

ஆண்டெனாவுக்கு அடுத்து நிலத்தொடர்பு எனப்படும் எர்த் வந்தது. நெய்வேலியைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் முந்திரி விளையும் செம்மண். கோடையில் அது முற்றிலும் உலர்ந்து மின்னோட்டத்துக்குத் தடையாகிவிடுவதால், நகரியத்தில் குடியிருந்த நண்பர் தம் வீட்டு எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு வாரந்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. திருவதிகையிலோ ஆற்று வண்டல், ஓரளவு ஆழத்திலேயே ஈரம். ஒரே கருவி, ஒரே அளவு கம்பி, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் கூட இல்லை. ஆயினும் செங்குத்து ஆண்டெனாவை நிறுத்தியபோது இரு வீடுகளிலும் கிடைத்த பயன் வேறுவேறாக இருந்தது. மண்ணின் தன்மையை உழவர்கள் விளைச்சலால் அறிவதைப் போல அவ்விருவரும் அலையின் வலிமையால் அறிந்தனர்.

பேசும் கருவியை ஹாம்கள் 'செட்' என்கின்றனர். வெளிநாட்டுச் செட்டுகளின் விலை தொழிலாளிக் குடும்பத்துக்கு எட்டாத காலத்தில், பழைய வால்வு ரேடியோக்களிலிருந்து பிரித்தெடுத்த கேங் கண்டென்சர், 807 வால்வு, பி.வி.சி. குழாயில் சுற்றிய காயில் ஆகியவற்றைக் கொண்டு மோர்ஸ் அனுப்பும் கருவியை வீட்டிலேயே செய்தனர். கிடைக்காத பாகங்களுக்காகச் சென்னை மூர் மார்க்கெட்டையும் பின்னர் ரிச்சி தெருவையும் அலசினர். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், சாதாரணக் கடைகளில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே குரல்வழித் தொடர்புக்கான செட் ஒன்றை வடிவமைத்து, 'பிட்எக்ஸ்' என்ற பெயரில் அதன் வரைபடத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியது இந்திய ஹாம்களின் வரலாற்றில் ஒரு திருப்பம். சில வாட் ஆற்றலே கொண்ட அச்செட்டை உலகின் பல நாடுகளிலும் ஆர்வலர்கள் செய்துபார்த்தனர். திருவதிகை வீட்டு மேசையிலும் அது எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றுக்குள் அடங்கி நெடுங்காலம் பணிசெய்தது.

ஹாமின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது சூரியன். தரைக்கு மேல் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் தொடங்கிப் பல நூறு கிலோமீட்டர் உயரம்வரை, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று அடுக்கடுக்காக அமைந்துள்ள பகுதி அயனிமண்டலம் எனப்படுகிறது. பகலில் அதன் அடியடுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பெருமளவு விழுங்கிவிடுவதால் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு போன்ற சில நூறு கிலோமீட்டர் எல்லைக்குள்ளேயே பேச முடியும். இரவில் அவ்வடுக்கு மறைந்துவிட, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை கண்டங்களைத் தாண்டுகிறது. மாலையில் கிழக்கே இருட்டிவிடுவதால் ஜப்பானும் இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும், விடியற்காலையில் மேற்கே இன்னும் இரவு நீடிப்பதால் ஐரோப்பாவும் கேட்கும். நெய்வேலி அனல்மின் நிலையத்தின் ஷிப்டு முறை அவருக்கு இவ்வகையில் உதவியது. இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் நாளில் விடியல் வேளையும், காலை ஷிப்டு நாளில் மாலை வேளையும், வார விடுப்பில் நடுப்பகலும் கிடைத்ததால், அலுவலக நேரத்தில் வேலைசெய்யும் நண்பர்களுக்கு வாய்க்காத வகையில் வானத்தின் எல்லாப் பொழுதுகளையும் அவர் கேட்டறிந்தார்.

அவ்வாறு அறிந்தவற்றுக்குப் பின்னணியாகத் தமிழகத்தின் இருப்பிடம் அமைந்தது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்வதால்தான் 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. அதே காரணத்தால் இவ்வட்டாரத்து வானில் அயனிமண்டலம் தனித்தன்மையுடன் நடந்துகொள்கிறது, பொழுது சாய்ந்தபின் குரல்கள் படபடத்துத் தேய்ந்து மீள்வதும் அதன் விளைவே. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதும், பெருகும் ஆண்டுகளில் உயர் அலைவரிசைகள் திறந்துகொள்வதும் ஹாம்களுக்கு அன்றாடச் செய்தி; 1899 முதல் இயங்கிவரும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குக் குடும்பத்தோடு சுற்றுலா சென்றபோது, மற்றவர்கள் ஏரியில் படகு விட, அவர் மட்டும் ஆய்வகத்தில் சூரியப் படங்களின் முன் நின்றுவிட்டதை வீட்டார் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

கேட்பதற்குத் தடையாக வருவது இரைச்சல். நெய்வேலியைச் சுற்றி உயரழுத்த மின்பாதைகள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்கின்றன. மின்காப்புப் பீங்கான்களில் தூசி படிந்து, அதன்மேல் மார்கழிப் பனி இறங்கும்போது மின்கசிவு ஏற்பட்டுச் செட்டில் இடைவிடாத 'கொர்' ஒலி எழும். நல்ல மழை பெய்து பீங்கான் கழுவப்பட்டால் அது அடங்கிவிடும். மின்பராமரிப்பில் இருந்தவர் என்பதால், சிறு ரேடியோவைக் கையில் ஏந்தி எந்தக் கம்பத்தில் கசிவு என்று கண்டறிவது அவருக்குப் பொழுதுபோக்கும் தொழிலும் ஒன்றுசேர்ந்த வேலையாயிற்று. சித்திரை, ஐப்பசி மாதங்களின் இடிமழைக் காலத்தில் தொலைவு மின்னல்கள் படபடவென்று காதில் அறையும். வானம் இருண்டால் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவது மாறாத விதி.

ஹாம் பிறருக்குத் தரும் இரைச்சலும் உண்டு. "அண்ணே, எங்க வீட்டு டிவில கோடு கோடா வருது, நீங்க பேசினா மட்டுந்தான் வருது" என்று பக்கத்து வீட்டுப் பெண் முறையிட்ட நாளில், தம் செட்டுக்கு வடிகட்டிச் சுற்று ஒன்றைச் செய்து பொருத்தியதோடு, அவ்வீட்டுத் தொலைக்காட்சிக் கம்பியிலும் ஃபெரைட் வளையத்தை மாட்டிக் குறையைத் தீர்த்துக் கொடுத்தார். சூலை நோய் நீங்க வேண்டி அப்பர் தம் முதற்பதிகத்தைப் பாடிய வீரட்டானேசுவரர் கோயிலில், அவருடைய குருபூசை நாளான சித்திரைச் சதயத்தன்று ஒலிபெருக்கியில் தேவாரம் ஒலிக்கும். நீளமான ஒலிபெருக்கிக் கம்பிகள் ஆண்டெனாவைப் போல அலையை வாங்கி, ஓதுவாரின் குரலோடு ஹாமின் குரலையும் கலந்துவிடக்கூடும் என்பதால், அன்று முழுதும் அவர் செட்டைத் திறப்பதில்லை.

தொடர்பு முடிந்ததும் நேரத்தையும் அலைவரிசையையும் குறிப்பேட்டில் பதிந்து, உறுதிப்படுத்தும் அட்டையைத் தபாலில் அனுப்புவது ஹாம்களின் மரபு, அதனை க்யூ.எஸ்.எல். அட்டை என்பர். உலகெங்கும் குழப்பமின்றி இருக்க நேரம் கிரீன்விச்சை ஒட்டிய பொதுநேரத்தில், அதாவது இந்திய நேரத்துக்கு 5½ மணி பிந்தியதாக, எழுதப்படும். பண்ருட்டி அச்சகத்தில் அச்சிட்ட அவருடைய அட்டையின் ஒருபுறம் திருவதிகைக் கோயில் விமானமும், மறுபுறம் சுரங்கத்தின் மண்வெட்டும் ராட்சத இயந்திரமும் இருந்தன. கோயிலைக் கண்டு வியந்து எழுதியவர்களைவிட, சக்கரத்தில் வாளிகளைக் கோத்த அந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களைக் கொண்ட ஜெர்மனியின் ஹாம் ஒருவர் தம் ஊரிலும் அதே வகை இயந்திரம் இருப்பதாக எழுதி, அதன் படத்தை அனுப்பியிருந்தார்.

கடற்கரை மாவட்டத்தில் வாழ்வோருக்கு மிகை உயர் அலைவரிசைகள் இன்னொரு விந்தையைக் காட்டுகின்றன. நேர்கோட்டில் மட்டும் செல்லவேண்டிய இவ்வலைகள், கடலின் மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன் மேல் வெப்பக்காற்றும் படியும் நாட்களில் இடையே குழாய்க்குள் போவதுபோல் வளைந்து நெடுந்தொலைவு செல்லும். 1980களில் தமிழகக் கடலோர ஊர்களில் உயர்ந்த கம்பத்தில் ஆண்டெனாவும் பூஸ்டரும் வைத்து இலங்கையின் ரூபவாகினியைப் பார்த்தவர்கள், பெயர் அறியாமலே அனுபவித்தது இவ்விளைவைத்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலைக் காற்று வாங்கச் செல்லும்போதெல்லாம் அவர் கைச்செட்டையும் எடுத்துச் சென்றார். 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ஹாம்சாட் என்னும் 42.5 கிலோ எடையுள்ள துணைக்கோள் வந்தபின், கவனம் மேலும் உயரே சென்றது. மூங்கில் கழியில் அலுமினியக் குச்சிகளைச் செருகிச் செய்த ஆண்டெனாவை மொட்டைமாடியில் கையால் திருப்பிக்கொண்டே, துணைக்கோள் தொடுவானில் எழுந்து மறையும் கால்மணி நேரத்துக்குள் பேசி முடிக்க வேண்டியிருந்தது. தம் குரலே விண்வெளிக்குச் சென்று திரும்பிச் செவியில் விழுவதைக் கேட்க, தெருப் பிள்ளைகள் அம்மாடியில் கூடுவர். அத்துணைக்கோளின் பணி 2014 ஜூலையில் முடிவுற்றது.

விடுமுறைப் பயணங்களும் இப்பொழுதுபோக்கின் தேவைக்கேற்ப அமைந்தன. உரிமத்தில் குறித்த முகவரிக்கு வெளியே நிலையத்தை இயக்க முன் அனுமதி வேண்டுமாதலால், பயணத்துக்குப் பெட்டி கட்டுமுன் விண்ணப்பம் எழுதுவது முதல் வேலை. ஏற்காட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நின்றால் வானொலித் தொடுவானம் 160 கிலோமீட்டர்வரை விரிகிறது என்பது கணக்கு. ஆனால் திருவதிகைத் திசையில் கல்வராயன் மலை குறுக்கிடுவதால் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் தெளிவாகச் செல்லும் குரல் சொந்த ஊருக்கு மங்கலாகவே எட்டியது. ஆகஸ்டு மாதத்தில் உலகெங்கும் ஹாம்கள் கலங்கரை விளக்கங்களின் அருகே நிலையம் அமைக்கும் வார இறுதி ஒன்று உண்டு. அதற்காக நண்பர்களுடன் கோடியக்கரைக்குச் சென்றதே அவர் நினைவில் சிறந்த பயணமாக நிற்கிறது. வேதாரண்யம் பக்கத்து உப்பு நிலமும் அதை அடுத்த கடலும் மின்னோட்டத்துக்கு இணையற்ற தளம் என்பதால், தூண்டில் கழியோடு கட்டி நிறுத்திய ஒற்றைச் செங்குத்துக் கம்பியிலிருந்து கிளம்பிய அலை தரையோடு தரையாகத் தாழ்ந்து சென்று, திருவதிகையின் உயர்ந்த டைபோலுக்கு அரிதாகவே கிட்டும் தொலைநாடுகளை எளிதாக எட்டியது.

இப்பொழுதுபோக்கின் பொதுப்பயன் இயற்கைச் சீற்றங்களின்போது வெளிப்படுகிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் அமைத்து உலக ஆர்வலர்களோடு பேசிக்கொண்டிருந்த குழு, 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தகவல் தொடர்பு குலைந்ததும் தன் நிலையத்தை அவசரப் பணிக்குத் திருப்பி, தீவுகளுக்கும் தாய்நிலத்துக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசேர்த்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, பண்ருட்டி வட்டாரத்தின் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. திருவதிகை ஆண்டெனாவைத் தாங்கிய பலா மரங்களும் அவற்றுடன் விழுந்தன, மின்கம்பங்கள் வரிசை வரிசையாகக் கிடந்தன. மீந்திருந்த சவுக்குக் கழியை நட்டு, கம்பியைத் தாழ்வாக இழுத்துக் கட்டி, யு.பி.எஸ். பேட்டரியில் பிட்எக்ஸ் செட்டை இயக்கியபோது சென்னை ஹாம்கள் மறுமுனையில் கேட்டுக்கொண்டிருந்தனர். தெருவில் உள்ளவர்களின் உறவினர் தொலைபேசி எண்கள் காற்றில் வாசிக்கப்பட, 'எல்லோரும் நலம்' என்ற ஒற்றை வரி அங்கிருந்து அவ்வீடுகளுக்குச் சென்றது. தாழ்வாகக் கட்டிய கம்பி அலையை நேர் மேலே அனுப்பி அருகிலுள்ள ஊர்களுக்கே இறக்கும் என்பதால், வெளிநாட்டுக்கு உதவாத அந்த ஆண்டெனா அன்றைய தேவைக்குப் பொருத்தமாக அமைந்தது.

இன்று, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் உருவாக்கிய எஃப்.டி.8 முறையில், காதுக்கே எட்டாத மெல்லிய அலைகளையும் கணினி பிரித்துப் படித்து, 15 விநாடி இடைவெளிகளில் தொடர்பை முடித்துவிடுகிறது. அம்முறையை அவரும் பயன்படுத்துகிறார்; எனினும் குறைந்த செலவில் செய்த செட்டும், கையால் கட்டிய கம்பியும், நேரில் கற்ற மோர்ஸும் தந்த அறிவைக் கணினித்திரை மட்டும் தந்துவிடாது என்பது அவருடைய முடிவான கருத்து.

கடலூர் மாவட்டம் புயலும் வெள்ளமும் அடிக்கடி வந்துபோகும் மாவட்டம். அத்தகைய வேளையில் உதவும் ஹாம் உரிமத்துக்கான தேர்வை 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. ஒரு பள்ளி ஆய்வகத்தின் மூலையும், ஒரு பேட்டரியும், இரண்டு மரங்களும் இருந்தால் நிலையம் அமைந்துவிடும். கடலோரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களும் இயற்பியல் ஆசிரியர்களும் ஆண்டுக்குச் சில மாணவர்களையேனும் இத்தேர்வுக்கு அனுப்ப முன்வர வேண்டும். அடுத்த புயலின்போது ஒவ்வோர் ஊரிலும் செட்டை இயக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பதற்கு அதுவே வழி.